அட்டாளையும் அடுக்களையும்

அட்டாளை என்பது காவற்பரண். மரக்கிளைகளின் மேலோ நட்ட கால்களின் மேலோ கம்புகளைப் பரப்பி, யானையும் பன்றியும் கிளியும் பயிரை அழித்துவிடாதபடி இரவும் பகலும் விழித்திருந்து காப்பதற்கென நம் முன்னோர் அமைத்துக்கொண்ட மேடை அது. சேனை என்பதோ, காட்டை வெட்டி எரித்து, வானத்து மழையை மட்டுமே நம்பி, குரக்கனும் இறுங்கும் சோளனும் பயறும் விதைத்த மேட்டுநிலம். இவ்விரு சொற்களும் கூடியே, நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில், கிழக்கே கடலும் மேற்கே வயல்வட்டைகளுமாகக் கிடக்கும் எம்மூருக்குப் பெயராயின. அரசர் பெயரும் அவுலியாக்களின் பெயரும் பூண்ட ஊர்கள் பலவுண்டு. தானியத்துக்குக் காவலிருந்தவனின் பரணைப் பெயராகப் பெற்ற ஊர்கள் அதிகமில்லை.

அப்பெயர் தாங்கிய இவ்வூரின் ஒழுங்கைகளில், சுபஹுத் தொழுகைக்குரிய பாங்கொலி அடங்கிய பின்பு முதலில் கேட்கும் ஓசை பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் சங்கீதமாகும். ஜேர்மனிய இசைமேதை பேத்தோவன் 1810இல் இயற்றிய ஒரு பியானோ இசை, எவ்வழியாலோ கடல்கடந்து வந்து, இலங்கை முழுவதும் பாணுக்கும் பனிசுக்கும் கட்டியங் கூறும் இசையாகிவிட்டது. கோதுமையோ இம்மண்ணில் விளைவதன்று. கப்பலில் வந்து இறங்கவேண்டியது. பின்வளவுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வேளாண்மை கதிர்முற்றி நிற்க, முன்வாசலில் நின்று பாணுக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் இக்காட்சியைப் பரிகாசம் செய்வது என் நோக்கமன்று. விடியமுன் எழுந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தம் செய்து, தாமும் தொழிலுக்குப் போகவேண்டிய தாய்மாரின் சிரமத்தை அறிந்தவர் எவரும் பரிகாசம் செய்யார். ஆயினும், வைத்தியரிடம் போய்வந்த ஒவ்வொரு முறையும், இனிமேல் வீட்டில் நல்ல சாப்பாடுதான் என்று செய்துகொள்ளப்படும் சங்கற்பம் ஏன் மூன்றாம் நாளே தளர்ந்துபோகின்றது என்பதும், எந்த ஆகாரத்தை நோக்கி ஒரு குடும்பம் திரும்பவேண்டும் என்பதும் சாஸ்திர ரீதியாக விடைகாணக்கூடிய வினாக்களாதலால், அவ்விரண்டையும் இங்கே சற்று ஆராய விரும்புகின்றேன்.

முதலில் ஒரு நெல்மணி. சிவப்பு நாட்டுநெல் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நகத்தால் உரித்துப் பாருங்கள். பொன்னிறமான உமி இரண்டு ஓடுகளாகக் கழன்றுவிடும். நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுவே. உள்ளே கிடக்கும் அரிசியின் மேல், மருதாணி பூசிய நகம் போன்றதொரு செம்மை தெரியும். அதுவே தவிட்டுப் படை. அரிசியின் ஒரு நுனியில், ஊசியால் குத்தினாற்போல் சிறு பள்ளத்தில் அமர்ந்திருப்பது முளை. தவிடும் முளையும் சேர்ந்தால் நெல்லின் நிறையில் பத்தில் ஒரு பங்களவே தேறும். ஆயினும் ஜீவசத்துக்களிற் பெரும்பகுதியும், இரும்பு முதலிய தாதுப்பொருள்களும், எண்ணெயும், நாரும் அந்தப் பத்தில் ஒரு பங்கிலேதான் குடியிருக்கின்றன. எஞ்சிய வெள்ளை உடல் அனைத்தும், முளைக்கப்போகும் நாற்றுக்கெனத் தாய்ப்பயிர் கட்டிக்கொடுத்த மாச்சத்து மூட்டை.

அந்தச் செம்மையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். காட்டு நெல் முழுவதும் சிவப்பரிசிதான். வெள்ளையரிசி பின்னால் வந்தது. நெல்லின் மரபணுச் சுவடியில், தவிட்டுக்குச் செந்நிறம் ஊட்டும் ஓரிடத்தில் வெறும் 14 எழுத்துக்கள் விடுபட்டுப்போனதன் பலனாகவே வெள்ளையரிசி தோன்றியதென்றும், இன்று உலகில் விளையும் வெள்ளையரிசி இனங்களிற் பெரும்பாலானவை அந்த ஒரே எழுத்துப்பிழையைச் சுமந்து நிற்கின்றனவென்றும் 2006இலும் அதனையடுத்த ஆண்டிலும் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. பளிச்சென்ற வெண்மை கண்ட மனிதன் அப்பிழையையே விரும்பி விதைத்தான். இங்கேயோ சிவப்பரிசி அற்றுப்போகவில்லை. மட்டக்களப்புப் பகுதி வயல்களில் விளைந்த முருங்கைக்காயன் என்னும் நாட்டுநெல்லை இந்தோனேசிய நெல்லொன்றோடு கலந்து, பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பகுதியில் உண்டாக்கிய எச்-4 என்ற நெல்லும் சிவப்பரிசியே. கல்லோயாத் திட்டத்து நீர் புதிதாய்ப் பாய்ந்த வயல்களுக்கு ஏற்ற காலத்தில் அது வந்து சேர்ந்தது.

தவிட்டின் அருமையை உலகத்துக்கு உணர்த்தியவை கோழிகள். ஜாவாத் தீவின் பத்தேவியா நகரத்து இராணுவ வைத்தியசாலையில், கால் சோர்ந்து, நடைதளர்ந்து, இருதயம் வீங்கி மனிதரைக் கொல்லும் பெரிபெரி என்னும் வியாதிக்கு ஏதுவான கிருமியைத் தேடிக்கொண்டிருந்த ஒல்லாந்து வைத்தியர் கிறிஸ்தியான் எய்க்மான், தம் பரிசோதனைக் கோழிகளும் அதே விதமாகக் கால் சோர்ந்து விழுவதையும், சில மாதங்களின் பின் மருந்தெதுவுமின்றித் தாமே எழுந்து நடப்பதையும் கண்டு திகைத்தார். விசாரித்தபோது வெளிவந்த காரணம் சமையற்கட்டில் இருந்தது. வைத்தியசாலையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசிச் சோறே கோழிகளுக்கு அதுவரை போடப்பட்டு வந்தது, புதிதாக வந்த சமையற்காரரோ, இராணுவத்தின் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க முடியாதென்று மறுத்துவிட, அவற்றுக்கு மலிவான, தீட்டாத அரிசி வந்தது, கோழிகளும் பிழைத்தன. சட்டம் பேசிய அந்தச் சமையற்காரரின் பெயரைச் சரித்திரம் குறித்துவைக்காதது பெருங்குறையே. அதன்பின் ஜாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைச்சாலைகளில் நடந்த கணக்கெடுப்பில், தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவரும், தீட்டாத அரிசி உண்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவருமே அந்நோய்க்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. அத்தவிட்டிலிருந்த சத்தே பிற்காலத்தில் தயமின் எனவும் விற்றமின் பி1 எனவும் பெயர் பெற்றது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. பெரிபெரி என்ற பெயரே, முடியாது, முடியாது என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்ததெனப் பலர் கூறுவர்.

அங்ஙனமாயின், அரிசியையே அல்லும்பகலும் உண்டுவந்த நம் பிரதேசங்களில் அந்நோய் ஏன் அவ்வளவு கடுமையாகத் தாக்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை, நீலகிரியிலுள்ள குன்னூர்ப் போஷாக்கு ஆராய்ச்சிச்சாலையின் அதிபராயிருந்த அய்க்ராய்ட் என்பார் செய்த ஆய்வில் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் பச்சையரிசியைத் தீட்டி உண்ட வட தெலுங்கு மாவட்டங்களிலேயே பெரிபெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தென் தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது, தவிட்டிலுள்ள நீரிற் கரையும் ஜீவசத்துக்கள் நீரோடு சேர்ந்து அரிசியின் உட்புறத்துக்குள் ஊடுருவிச் சென்று தங்கிவிடுகின்றன. மாச்சத்தும் பசையாகிப் பின் இறுகிவிடுவதால், உலக்கையோ இயந்திரமோ மேற்படையைத் தேய்த்தெடுத்த பின்னும் சத்தின் ஒரு பகுதி அரிசியோடேயே நின்றுவிடுகின்றது.

என் மூத்தம்மா நெல்லவித்த நாட்கள் என் நினைவில் வாசனையாகவே இருக்கின்றன. இரண்டு நாள் ஊறிய நெல்லின் புளித்த நெடி முதலில்; அண்டாவின் வாயிலிருந்து ஆவி கிளம்பத் தொடங்கியதும் அந்த நெடி மாறி, சோற்றுக்கும் வைக்கோலுக்கும் இடைப்பட்ட ஒரு மணம். நெல் வாய்பிளந்ததா என்று கரண்டியால் நாலு மணியை அள்ளி, ஊதி, நகத்தால் நசுக்கிப் பார்த்து, போதுமென்று தலையசைத்த பின்பே அடுப்பிலிருந்து விறகை இழுப்பார். பாயில் பரப்பிய நெல்லைக் கோழி கொத்தாமற் காப்பது எங்கள் வேலை. அதுவும் ஓர் அட்டாளைக் காவல்தான். தயமின் என்ற சொல்லை அவர் ஆயுள் முழுவதிலும் கேட்டதில்லை.

இன்று நம் வைத்தியசாலைகளில் வரிசையில் நிற்போர் பெரிபெரிக்காரர் அல்லர், சீனிவருத்தக்காரர். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த தேசிய அளவிலான ஆய்வொன்றில் வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவினர் நீரிழிவு உடையோராகக் காணப்பட்டனர். நீரிழிவின் வாசலில் நிற்போரையும் கூட்டினால் ஐவரில் ஒருவர். இதற்கு அரிசியைத் தீட்டியது மட்டுமே காரணமென்று சொல்வது பெருங்கூற்றாகும். வயலில் மாடோடு நடந்த கால்கள் இன்று மோட்டார் சைக்கிளில் போகின்றன. வெறும் தேத்தண்ணியென்று பெயர்பெற்ற குவளையில் இரண்டு மூன்று கரண்டிச் சீனி கரைகின்றது. விருந்தென்றால் சஹனைச் சுற்றி அறுவர் அமர்ந்து மலைபோன்ற சோற்றை உண்கின்றோம். ஆயினும் மாச்சத்தின் வேகம் என்றொன்று உண்டு. ஓர் ஆகாரம் இரத்தத்தில் சீனியை எவ்வளவு விரைவாக ஏற்றுகின்றது என்பதை, குளுக்கோசை நூறாக வைத்து ஒப்பிட்டு அளக்கும் முறையொன்றை 1981இல் கனடாவின் டொரன்டோ நகரத்து விஞ்ஞானி டேவிட் ஜென்கின்ஸும் அவர் சகாக்களும் வெளியிட்டனர். 55க்குக் கீழ்ப்பட்டது மெதுவானது. 70க்கு மேற்பட்டது வேகமானது. வெள்ளைப் பாண் எழுபதையொட்டியும் அதனைத் தாண்டியும் நிற்பது. அரிசிக்கோ ஒரே எண் கிடையாது. இனமும், தீட்டிய அளவும், அவித்த முறையும், ஆறவைத்த நேரமும் அதனை ஏற்றி இறக்குகின்றன.

ஆறவைத்த நேரம் என்றேனே, அதற்கு 2015இல் வேடிக்கையானதொரு சாட்சியம் கிடைத்தது. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் பயின்ற சுதேர் ஜேம்ஸ் என்னும் மாணவர், தம் ஆசிரியர் புஷ்பராஜா தவராஜாவின் வழிகாட்டலில் 38 வகை இலங்கை அரிசிகளைப் பரிசோதித்து, கொதிநீரில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்த சோற்றைப் பன்னிரண்டு மணித்தியாலம் குளிர்நிலையில் வைத்தால், குடலில் எளிதிற் செரியாத மாச்சத்து அதிற் பத்து மடங்கு வரையிற் பெருகக்கூடுமென்று அமெரிக்க இரசாயனச் சங்கம் டென்வர் நகரில் நடத்திய கூட்டத்தில் அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் இச்செய்தியைக் கொண்டாடின. நடப்பது இதுதான்: சோறு வேகும்போது நெகிழ்ந்து விரிந்த மாச்சத்து இழைகள், சோறு ஆறும்பொழுது ஒன்றோடொன்று நெருங்கி மீண்டும் இறுக முடிந்துகொள்கின்றன, அந்த முடிச்சை நம் சிறுகுடலின் நொதியங்கள் அவிழ்க்க மாட்டா, ஆகவே அது சீனியாக மாறாமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்கு வாழும் நற்கிருமிகளுக்கு இரையாகின்றது. ஆய்வுகூடத்து அளவீடு மனித சரீரத்தில் அப்படியே பலிக்குமென்று எண்ணிவிடலாகாது என்ற எச்சரிக்கையோடு இதனைச் சொல்லவேண்டும். எனினும், இராச்சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து, விடிந்ததும் எருமைத் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து, சுட்ட கருவாட்டைத் தொட்டுக்கொண்டு வயலுக்குப் போன போடியாரும் வயற்காரரும் உண்ட தண்ணிச்சோற்றை ஏழைச் சாப்பாடென்று ஒதுக்கிய நாம், டென்வரைக் கேட்டபின் சற்று நாணவேண்டியதுதான். சூடாறிய சோற்றை நெடுநேரம் உலரக் கிடக்கவிட்டால் வாந்தி வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமி அதிற் பெருகும்; ஆகையால் சோறு ஆறியவுடன் நீரூற்றி மூடுவதும், இரண்டாம் நாளுக்கு நீட்டாமல் காலையிலேயே தீர்த்துவிடுவதும், வசதியுள்ளோர் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் அவசியம்.

சேனைத் தானியங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது பத்தையொட்டியதே. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, அச்செய்திக்கு எம்மூரின் பெயரே ஒரு விளம்பரப் பலகையாயிருந்தும், அதை வாசித்தவர் இங்கு சிலரே. முள்ளோடு உண்ணும் சூடைமீனும் சுண்ணாம்புச் சத்துடையதே. முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள இரும்பு உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேத்தண்ணி குடித்தால் அதன் துவர்ப்பு அவ்விரும்பைத் தடுத்துவிடும்.

பழையது என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். கருவாட்டின் உப்பு இரத்த அழுத்தக்காரருக்குச் சத்துரு. வட்டிலப்பம் எத்தனை தலைமுறை கண்டதாயினும் கருப்பட்டியும் சீனிதான். தவிடு நீங்காத சோறும் கோப்பை நிரம்பினால் சோறுதான். ஒரு பிடி சோறும் இரண்டு பிடி கறியுமாக உண்ணாமல், தட்டில் சோற்றைக் குவித்துக் கறியை ஆணமாக மட்டும் தெளித்துக்கொள்ளும் வழக்கம் வறுமைக்காலத்து வழக்கம். வறுமை நீங்கியும் வழக்கம் நீங்கவில்லை.

இனி, சங்கற்பம் ஏன் உடைகின்றது என்ற வினா. எனக்கு உறவான ஓர் இல்லத்தில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான். வாப்பாவுக்குச் சீனிவருத்தம் என்று தெரிந்த அன்று மாலை, இனிமேல் இவ்வீட்டில் பாணில்லை, சீனியில்லை, நூடில்ஸில்லை என்று உம்மா பிரகடனம் செய்தார். மூன்றாம் நாள் காலை வெள்ளென வந்த மாமா, பிள்ளைகளுக்கென்று ஒரு பை நிறையப் பனிஸ் கொண்டுவந்தார்; பிரகடனம் அந்தப் பையோடு முடிந்தது. சில வாரங்களின் பின் மூத்த மகள் வேறொரு யோசனை சொன்னாள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும். முந்திய இரவு இஷாத் தொழுகை முடிந்து வாப்பா வீட்டுக்கு வந்ததும், மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. வெங்காயம் உரித்துவைப்பது தம்பியின் பொறுப்பு. இவ்வளவுதான். சமையற்கட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அந்த இரு நாட்களுக்கும் மட்டும் பென்சிலால் ஒரு வட்டம் போடப்பட்டது. அந்த வட்டங்கள் இன்றும் தொடர்கின்றன. நடுவே விடுபட்ட வெள்ளிகளும் உண்டு.

முதலாவது ஏன் உடைந்தது, இரண்டாவது ஏன் நின்றது என்பதை ஜேர்மனிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை அழகாக விளக்குகின்றது. நல்லதைச் செய்வேன் என்னும் பொது எண்ணத்தைவிட, இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்னது நிகழ்ந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிந்துவைத்த எண்ணமே செயலாக மலர்கின்றதென்பது அவர் கண்ட முடிபு. அந்த நேரம் வந்ததும், மனம் மறுபடி யோசித்துத் தடுமாறுவதற்கு இடமில்லாமல், கை தானே வேலையைத் தொடங்கிவிடுகின்றது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் பிறரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், புதிய பழக்கமொன்று தானாக இயங்கும் நிலையை அடையச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன; சிலருக்கு 18 நாளில் கைகூடியது, சிலருக்கு 254 நாளாகும்போலிருந்தது; இடையில் ஒருநாள் தவறியதால் பெருநஷ்டம் எதுவும் நேரவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு நகைப்பே வந்தது. றமழான் மாதத்து இரவுகளில், தறாவீஹ் முடிந்ததும், எழுத்தறியாத சிறுவனும் சொல்லுகின்ற நிய்யத்தை எண்ணிப் பாருங்கள். எந்த வருடம், எந்த மாதம், எந்த நாள், எந்தக் கடமை என்று ஒவ்வொன்றையும் பெயர்சொல்லிக் குறித்து, ஒவ்வோர் இரவும் மறுநாளுக்கென்று புதிதாக வைக்கப்படும் எண்ணம் அது. ஸஹருக்கு ஒரு நேரம், திறப்பதற்கு ஒரு நேரம், பள்ளிவாசற் கஞ்சிக்கு வாளியோடு போவதற்கு ஒரு பிள்ளை. வீடு முழுவதும் ஒரே ஒழுங்கில். வருடத்தில் பதினொரு மாதமும் ஒரு கோப்பை தேத்தண்ணி பிந்தினால் சினக்கின்ற மனிதர், அந்த ஒரு மாதம் பகல் முழுதும் நீரின்றி அமைதியாயிருக்கின்றார். அந்த வல்லமை மார்க்கப் பக்தியினின்று பிறப்பது என்பதில் ஐயமில்லை. அதை அடுக்களைக் காரியத்தோடு சமன்படுத்துவது அபசாரம். ஆனால் அந்த ஒழுங்கின் அமைப்பு, நேரமும் நாளும் கடமையும் குறித்து வைக்கும் அந்தக் கணக்கு, நம் ஒவ்வொருவர் கையிலும் ஏற்கனவே இருக்கும் கருவி.

பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்பார் சிலர். பிள்ளையின் நாக்கு, தெரியாத சுவையை முதலில் தள்ளும் இயல்புடையது. எட்டுப் பத்துத் தடவை, வற்புறுத்தாமல், சிறிதளவு முன்வைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஏற்றுக்கொள்கின்றனர் என்று லீன் பர்ச் முதலியோரின் ஆய்வுகள் காட்டின. இரண்டாம் முறையே கைவிடுவது நம் பிழை. கர்ப்பகாலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கரட் சாறு பருகிவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கரட் கலந்த ஆகாரத்தை முகஞ்சுளிக்காமல் ஏற்றனவென்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லா 2001இல் கண்டறிந்தார். மகப்பேற்று வீட்டில் மூத்தம்மா செய்துகொடுக்கும் பத்தியக் கறியின் ருசியும் பாலின் வழியே பேரப்பிள்ளையின் நாக்குக்குப் போய்ச் சேராதென்று யார் சொல்லக்கூடும்? வாப்பா பாண் உண்டுகொண்டு பிள்ளையைக் குரக்கன் பிட்டு உண்ணச் சொல்லும் வீட்டில் மட்டும் எந்த விஞ்ஞானமும் பலிக்காது.

பெரும்போக நெல் மாசி பங்குனியில் சூடடித்து வீட்டுக்கு வரும். வயலுள்ளவர்கள் முழுவதையும் வியாபாரியின் லொறியில் ஏற்றிவிடாமல் ஒரு மூட்டை சிவப்பு நெல்லை நிறுத்திவையுங்கள். வயலில்லாதவர்கள் தெரிந்த ஒரு வயற்காரரிடம் ஒரு மூட்டை கேட்டு வாங்குங்கள். அதை அவித்துக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோகும்போது, உமி போனாற் போதும், தவிடு போகத் தீட்டவேண்டாம் என்று மில்காரரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழக்கம்போல வெளுக்கத் தீட்டித்தான் தருவார். எந்தெந்த நாளுக்கு அந்த அரிசி என்று வீட்டார் எல்லோரும் இருக்கும்போதே பேசி முடிவுசெய்யுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாட்பட்டால் அரிசி காறிப்போகும். ஆகவே ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குற்றுவித்து, மிகுதியை நெல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள்.